இங்வார், த/பெ செங்குட்டுவன்

செங்குட்டுவனைப் போல எரிச்சலூட்டுகிற நல்லவனை நான் பார்த்ததில்லை. நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் என்னோடு ஒரே ஷிப்டில் இருந்தான். ஒரு போல்ட்டைக் கழற்றுவதென்றாலும் முன்னும் பின்னும் யோசித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பான். அப்படிப்பட்டவன் மகனுக்குப் பெயர் தேட ஆரம்பித்தால் என்ன ஆகும்? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பாவத்துக்கு எனக்கும் சேர்ந்து தலைவலி வந்தது.

பையன் பிறந்தது 2012-இல். செங்குட்டுவனின் அப்பா பெரியண்ணன் கம்மாபுரம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். பழைய கட்சிக்காரர், சாமி கும்பிடாதவர். செங்குட்டுவன் என்கிற பெயரே ஒரு பொதுக்கூட்ட மேடையில், குழந்தையைத் தலைவர் ஒருவரின் கையில் கொடுத்து வாங்கியதுதான். பேரனுக்கும் அப்படியே வாங்கிவிட வேண்டும் என்று, அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மகன் முடியவே முடியாது என்றுவிட்டான்.

அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் ஆகாது. டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் அது ஒரே மாதிரிதான் வரும். பேர் என்ன தம்பி என்பார்கள். சொன்னதும், நல்ல தமிழ்ப் பேராச்சே, எந்த ஊர் என்பார்கள். ஊரைச் சொன்னதும் குரலைக் கொஞ்சம் இறக்கி, சிரித்த முகத்தோடு, "ஊரா, காலனியா?" என்பார்கள். அதற்குப் பிறகு பேச்சு சுருங்கிவிடும். எங்கள் பக்கம் அந்தப் பெயர் வைத்தவர்கள் யார், என்ன என்று மனிதர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஐ.டி.ஐ. படித்து, அப்ரெண்டிஸாக இருந்து, பெர்மனெண்ட் ஆகி, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாங்கியும் அந்தக் கேள்வி அவனை விடவில்லை. மகனிடம் யாரும் அதைக் கேட்கக் கூடாது, அதற்குப் பிடித்து இழுக்க ஒரு நூல்முனைகூடப் பெயரில் கிடைக்கக் கூடாது என்பது அவன் பிடிவாதம்.

ஆகவே ஒவ்வொன்றாகத் தள்ளினான். தமிழ்ப் பெயர் வேண்டாம், காரணம் மேலே சொன்னது. வடமொழிப் பெயர் வைத்தால் வேஷம் போடுகிறான் என்பார்கள். ரஷ்யப் பெயர் என்றால் எந்தச் சங்கம் என்பார்கள். அரபுப் பெயரும் ஆங்கிலப் பெயரும் மதத்தைச் சொல்லிவிடும். உலக வரைபடத்தில் ஒவ்வொரு நாடாக அடித்துக்கொண்டே மேலே போய், கடைசியில் பனி பெய்கிற இடத்தில் நின்றான். சுவீடன், நார்வே. மொபைலில் தேடித் தேடி, பைபிளில் இல்லாத பெயர், ஏசு அந்தப் பக்கம் போவதற்கு முன்பே இருந்த பெயர் என்று உறுதி செய்துகொண்டு, இங்வார் என்று முடிவெடுத்தான்.

"யாருக்கும் ஒண்ணும் தெரியாதுண்ணே" என்றான் என்னிடம். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

பெரியண்ணன் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார். "நம்ம தமிழ்ப் பேரையெல்லாம் வச்சிகினுதான்டா நாம நெஞ்ச நிமித்தி நடந்தோம். நீ எதுக்கு ஒளியற?" செங்குட்டுவன் பெயரை மாற்றவில்லை. அவன் மனைவி தமிழ்மொழிக்கு அந்தப் பெயர் பிடித்ததா என்று யாரும் கேட்கவுமில்லை. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டே பழகிக்கொண்டாள்.

வந்தது வினை. ஆஸ்பத்திரி நர்ஸிலிருந்து பால்காரர் வரை பெயரைக் கேட்டதும், ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யா என்று விசாரித்தார்கள். இல்லை என்றால், அப்படியானால் பெந்தெகொஸ்தே சபையா என்றார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாணிக்கம்மாள் காடாம்புலியூர்க்காரர், நல்ல மனசு. சீசனில் ஊரிலிருந்து வரும் பலாப்பழத்தில் பாதி இவர்கள் வீட்டுக்குத்தான். அவரும் அந்த வருஷ டிசம்பரில், கேக் எங்கே என்று உரிமையோடு கேட்டார். கிறிஸ்தவர் இல்லை என்றால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்று தமிழ்மொழிக்குத் தெரியும். பேசாமல் பேக்கரியில் கேக் வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எல்லா டிசம்பரிலும் கொடுத்தாள். ஒரு பொய்கூடச் சொல்லாமல் கிறிஸ்தவராகிப் போன குடும்பம் அது ஒன்றுதான்.

பையன் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் வயதில் சாதிச் சான்றிதழ் கேட்டு மனுப் போட்டார்கள். அப்பன் செங்குட்டுவன், மகன் இங்வார் என்றிருந்ததைப் பார்த்த அலுவலருக்குச் சந்தேகம். மதம் மாறியவர்கள் என்றால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. பையனின் படிப்புக்கும் வேலைக்கும் இருக்கிற ஒரே பிடிமானம் அதோடு போய்விடும். அவர் விசாரிக்க வந்த நேரம் பார்த்து வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார். மாணிக்கம்மாள், தெரிந்ததை உள்ளபடி சொல்லியிருக்கிறார்: வேதக்காரங்கதான், வருஷா வருஷம் கேக் குடுப்பாங்க.

மனு திரும்பி வந்தது. செங்குட்டுவன் தாலுகா ஆபீஸுக்கும் வீட்டுக்குமாக அலைந்து, ஷிப்டைத் தூக்கமில்லாமல் தள்ளி, கடைசியில் இன்னொரு முறை விசாரிக்கச் சம்மதம் வாங்கினான். இங்கேதான் அடுத்த சிக்கல். வீட்டில் ஒரு சாமி படம் கிடையாது. பெரியண்ணன் வீட்டுப் பிள்ளைகள் அப்படியே வளர்ந்தவர்கள். சுவரில் தலைவர்கள் மட்டும்தான். மதம் மாறவில்லை என்று நிரூபிக்க, மதமே இல்லாதவன் எதைக் காட்டுவான்?

தமிழ்மொழி வெட்கத்தை விட்டு மாணிக்கம்மாளிடம் போய், இந்துதான் நாங்கள், சான்றிதழுக்கு ஆள் வருகிறார் என்றாள். எந்தச் சாதி என்று சொல்லவில்லை. தன் வாயால் வந்த வினை என்று அந்த அம்மாள் பதறிப் போய், தன் பூஜை அலமாரியிலிருந்தே முருகன் படத்தை எடுத்து, துடைத்து, பொட்டு வைத்து, தானே கொண்டுவந்து மாட்டிவிட்டார்.

அலுவலர் மாலையில் வந்தார். முதல் தடவை சொன்னதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று மாணிக்கம்மாளையும் கூப்பிட்டு நிறுத்தினார். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் முருகனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சொந்த ஊர் எது என்றார். செங்குட்டுவன் சொன்னான்.

"ஊரா, காலனியா?"

சத்தமாகத்தான் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அது அவர் வேலை. செங்குட்டுவன் மகனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"காலனிங்க" என்றான்.

அவ்வளவுதான். அலுவலர் முகம் தெளிந்துவிட்டது. தன் வாயாலேயே காலனி என்று ஒத்துக்கொண்டவன் வேதக்காரனாக இருக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மாணிக்கம்மாள் தன் பங்குக்கு ஒன்றும் சொல்ல வேண்டியே வரவில்லை.

மறுநாள் காலை தமிழ்மொழி படத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். மாணிக்கம்மாள் வாசற்படியிலேயே நின்றார். முகத்தில் கோபம் கிடையாது.

"அது உங்க வூட்டுலயே இருக்கட்டும்மா. நாங்க வேற வாங்கிக்கிறோம்" என்றார்.

அன்றைக்கு ஷிப்ட் பஸ்ஸில் செங்குட்டுவன் இதைச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இறங்கி நேராகப் போய் அந்த அம்மாளை நாலு கேள்வி கேட்கிறேன் என்றேன். அவன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"போயி என்னான்னுண்ணே கேப்பீங்க? சாமி படம் குடுத்தாங்க. அன்பாத்தான் குடுத்தாங்க."