நித்தியகல்யாணிச் சாறு

முந்தின நாள் பீட்ரூட் பொரியல் செய்திருந்தேன். சிறுநீர் சிவப்பாகப் போனதற்கு அதுதான் காரணம் என்று இருந்துவிட்டேன். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பீட்ரூட் சாப்பிடாத வாரத்திலும் சிவந்தபோதுதான் அவரிடம் சொன்னேன்.

அவர் என் கணவர் தேவராஜ். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் அல்சூரில் ஒரு பள்ளியில் தையல் டீச்சர். இது நடப்பது அறுபதுகளின் நடுப்பகுதியில்.

இடது சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி என்றார் டாக்டர். சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்தார்கள். ஒன்றே போதும் என்றார்கள், போதுமாகத்தான் இருந்தது. மறுபடி வகுப்புக்குப் போனேன். வருடம் திரும்புவதற்குள் இருமல் வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். மெடாஸ்டாசிஸ் (நோய் வேறு உறுப்புக்குப் பரவுவது) என்றார்.

டாக்டர் கன்னடக்காரர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது, நம்ம காசி கணகிலே செடியிலிருந்து எடுத்த மருந்து என்றார். நித்தியகல்யாணியைச் சொல்கிறார் என்று நர்ஸ் விளக்கினார். புற்று செல்கள் (உடம்பின் மிகச் சிறிய கூறுகள்) பிரிந்து பெருகுவதை அது தடுக்குமாம். சிறுநீரகப் புற்று இதற்குக் கட்டுப்படுவது அபூர்வம் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை.

ஊசி போட ஆரம்பித்ததும் தாடை வலித்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. வெள்ளணுக்கள் (கிருமிகளை எதிர்க்கும் ரத்த அணுக்கள்) குறைந்துபோக, ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். அந்த இடைவெளியை என் கணவரால் தாங்க முடியவில்லை.

ஷிப்ட் முடிந்து வரும் வழியில், கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நித்தியகல்யாணி இலை பறித்துவந்து சாறெடுத்திருக்கிறார். எனக்குத் தரவில்லை. தானே குடித்துப் பார்த்திருக்கிறார். சர்ச்சில் ஞாயிறு ஆராதனை நடுவே மயங்கி விழுந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

வாந்தி நிற்காமல் அதே ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் திட்டவில்லை. இலையில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன, ரத்த அழுத்தத்தை இறக்குவதும் உண்டு, மருந்து அதில் துளியிலும் துளி, அதைப் பிரித்து அளந்து ஏற்றும்போதே உங்கள் மனைவிக்கு இந்தப் பாடு என்று மட்டும் சொன்னார்.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"உனக்கு ஒத்துக்குமான்னு நான் குடிச்சாத்தானே தெரியும்." போர்வையை இழுத்து மூடிக்கொண்டே, "பயமா இருக்கு ஜெயா," என்றார்.

"எனக்கும்தான்," என்றேன். அதுவரை ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இலையை அரைத்துக் குடிக்காதீர்கள். கூட இருப்பவரின் பயத்தையும் கேட்டுவிடுங்கள்.

அவர் தேறி வந்தார். எனக்கு ஊசி தொடர்ந்தது. மழைக்காலம் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் புள்ளிகள் சுருங்கியிருந்தன. போய்விட்டதா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இல்லம்மா. சின்னதாயிருக்கு. எவ்வளவு நாளைக்குன்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. முன்பெல்லாம் மூச்சு தன்பாட்டுக்குப் போய்வரும்; இப்போது ஒவ்வொன்றும் உள்ளே வருவது தெரிகிறது. இடப்பக்கம் படுத்தால் தழும்பு இழுக்கிறது. வருடம் என்று எதையும் யோசிப்பதில்லை. அடுத்த எக்ஸ்ரே வரைக்கும்தான் என் காலம். ஆனால் அதற்குள் இருக்கும் பகல்கள் நீளமாக இருக்கின்றன.

நேற்று இருவரும் மார்க்கெட்டுக்கு நடந்தே போனோம். மாவடு வந்திருந்தது. ஒரு ஜாடிக்கு ஆகும் அளவு வாங்கினேன். ஊறுவதற்கு நாளாகுமே என்றார்.

"ஆகட்டும்," என்றேன்.