மாதாவுக்கு வைத்த முட்பூ

இந்த நாட்டில் பூவை யாரும் பறிப்பதில்லை. வேலிக்கு மேலால் கொத்துக்கொத்தாகத் தொங்கி, அப்படியே வாடி உதிரும். எங்கள் ஊரான மன்னாரில் என்றால் முதல் பூசைக்குப் போகிறவர்களே மரத்தை மொட்டையாக்கிவிடுவார்கள். கிரான்பர்னில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு முள்மரம் நிற்கிறது. ஒக்டோபரில் அது வெள்ளைவெளேரென்று பூக்கும். பூமியின் இந்தத் தென்பக்கத்தில் அதைத்தான் வசந்தம் என்கிறார்கள். எனக்கோ இரண்டு சுவெற்றர் வேண்டும்.

ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் பங்குத் தமிழர்களிடம் மாதா சுரூபம் நாளுக்கொரு வீடாகப் போகும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அம்மாவுக்கு இருதய ஒப்பரேசன் என்று தம்பி சொன்னதும், அந்த நாளை எனக்குக் கேட்டு வாங்கினேன். புது வேலை, ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. செபத்தையாவது என் வீட்டில் வைப்போம் என்று நினைத்தேன். கடைப் பூ மனதுக்குப் பிடிக்கவில்லை. கையெல்லாம் கீற அந்த முட்பூவை ஒடித்துவந்து, கதிரையில் வைத்த சுரூபத்தைச் சுற்றி அடுக்கினேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டு மொய்ரா அன்ரி ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தார். அயர்லாந்துக்காரி, எங்களைப் போல் கத்தோலிக்கர். பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். எனக்கு வாய் வராது. பூவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உன் அம்மா உயிரோடு இருக்கிறாரா?"

சுகம் விசாரிக்கிறார் என்று நினைத்து, "ஓம் அன்ரி, இப்ப ஒப்பரேசன் நடக்குது" என்று சிரித்தபடியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. அவர்கள் ஊரில் இந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவரமாட்டார்களாம். கொண்டுவந்தால் தாய் சாவாளாம். மரம், எங்கள் ஊர் முனி மாதிரி, கண்ணுக்குத் தெரியாதவர்களுடையதாம். ரோடு போடுகிறவர்கள்கூட அதை வெட்டாமல் சுற்றிப் போவார்கள். அவர்களின் பெயரைச் சொல்லாமல் 'நல்லவர்கள்' என்பார்கள். நாங்கள் பொழுதுபட்டால் பாம்பைப் பூச்சி என்பதில்லையா, அந்தப் பயம்தான்.

"பழங்கதை, விட்டுவிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படி விடுவது? பூவை எடுத்தெறியலாம் என்றால், சின்ன வயதில் மாதாவின் ரோசாவைத் தலையில் செருகியதற்கு அம்மா அடித்த அடி நினைவுக்கு வந்தது. கொடுத்த பூவைத் திருப்பி எடுத்தால் கேட்ட வரமும் போய்விடும் என்றார். எடுத்தாலும் கேடு அம்மாவுக்கு, விட்டாலும் அம்மாவுக்கு.

வேலையால் வந்த கணவர் செல்வம், "விசர்க்கதை கதையாதை" என்றார். ஆனால் நான் கதிரையோடு மாதாவைப் பின்வளவுக்குத் தூக்கியபோது மற்றப் பக்கத்தை அவரும் பிடித்தார். பூவும் மாதாவோடு இருக்கிறது, வீட்டுக்குள்ளும் இல்லை. வந்த சனத்திடம், "உள்ளுக்கு இடம் காணாது" என்று பொய் சொன்னேன். ஆறு மணிக் குளிரில் எல்லாரும் புல்லில் முழங்காலில் நின்றோம்.

செபமாலையின் நாலாவது பத்து மணியில், நாலாம் காரணிக்கத்தில், தம்பி போன் எடுத்தான். "ஒப்பரேசன் முடிஞ்சுது அக்கா. அம்மா இன்னும் கண் முழிக்கேல்லை. டொக்டர் நாளைவரைக்கும் பொறுத்துப் பாக்கட்டாம்."

சனம் போனபின் செல்வம், "மாதாவை உள்ளுக்குக் கொண்டு போவமே?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். மாதாவிலும் பார்க்க இந்த மரத்து 'நல்லவர்களுக்கா' பயப்படுகிறேன் என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் பயத்தைக் குறைக்கவில்லை. அவர் உள்ளே போகும்வரை காத்திருந்து மரத்தடிக்குப் போனேன். மாதாவிடம் தமிழில் கேட்டாயிற்று. அவர்களுக்குத் தமிழ் தெரியாதே. முறிந்த கொப்பைத் தடவிக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்தபோது பழகிய அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்: "சொறி. ஐ டிடின்ட் நோ. ஷீ இஸ் மை மதர்."