கொசுத்தேனீக்கு மருந்து அடித்தார்கள்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் அடி அண்ணாமலையில் எங்கள் நிலத்தில் தோட்டக்கலைத் துறை மானியம் வாங்கிப் பசுமைக்குடில் போட்டு கிர்ணிப்பழம் வைத்தோம். கொடி ஆள் உயரம் ஏறி மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தது. பிஞ்சுதான் நிற்கவில்லை. சுற்றிலும் வலை, தேனீ எப்படி உள்ளே வரும்? தினமும் காலையில் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தொட்டுத் தொட்டு எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

மோட்டார் கொட்டகைச் சுவரிடுக்கில் கொசுத்தேனீ கூடு இருந்தது. கொசு அளவுதான் இருக்கும், கொட்டாது. சுவரைப் பெயர்த்து, கூட்டை அலுங்காமல் பானைக்கு மாற்றிக் குடிலுக்குள் வைத்தேன். என் கணவர் சிரித்தார். கொடிக்குக் கொடி பிஞ்சு தொங்கியபோது சிரிப்பை நிறுத்தினார்.

தங்கை வளைகாப்புக்குப் போய் மறுநாள் திரும்பினேன். குடிலுக்குள் மருந்து நெடி. இலையில், தரையில், பூவுக்குள்ளும்கூட கறுப்புக் கறுப்பாகச் செத்துக் கிடந்தன.

“யாரு மருந்து அடிச்சது?” என்று கணவரைக் கேட்டேன்.

“தோட்டக்கலை ஆபீசர் ஆளோட வந்தாரு. மேலிடத்துலேர்ந்து பார்க்க வராங்களாம். உள்ள கொசு பறந்தா அசிங்கம்னாரு. நான் எப்படி வேணாம்னு சொல்றது?”

“வாயைத் திறந்து சொல்றது!”

செத்தவற்றைக் காகிதத்தில் அள்ளிக்கொண்டு வேங்கிக்காலில் இருக்கும் அவர் ஆபீசுக்கு பஸ் ஏறினேன். ஆபீசர் மேஜையில் பிரித்து வைத்தேன்.

“கொசு செத்ததுக்காம்மா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“தேனீ சார். இதுங்க இல்லாம காய் பிடிக்காது. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“வீட்ல சாரை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்” என்று ஃபைலைத் திறந்துகொண்டார். விதைத்தவள், பூவைத் தொட்டவள், கூட்டைக் கொண்டுவந்தவள் நான். பேச வேண்டியது மட்டும் என் கணவரோடா?

மேலதிகாரி வந்த அன்று வாசலிலேயே நின்றேன். கீழே பருத்த காய்கள், மேலே வெறும் கொடி. காரணம் கேட்டார்.

“வெயில் ஜாஸ்தி சார்” என்றார் நம் ஆபீசர்.

“வெயில் இல்ல சார். இவரு மருந்து அடிச்சு தேனீயைச் சாகடிச்சாரு.”

என் கணவர் தரையைப் பார்த்தார். மேலதிகாரி ஆபீசரை ஒரு முறை பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப் கிளம்பிவிட்டது. ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

பானைக்குள் ராணியும் கொஞ்சம் குஞ்சுகளும் பிழைத்திருந்தன. அவை பெருகி வருவதற்குள் அந்தப் போகமே முடிந்துவிட்டது. மறுபோகத்தில் கதவுச் சாவி என் இடுப்பில் இருந்தது. யார் வந்தாலும் என்னைக் கேட்டுத்தான் உள்ளே போனார்கள், என் கணவர் உட்பட.