கூட்ரூன் கிள்ளிய பூச்செடி

சம்பளம் இல்லாத வேலைக்கு இங்கிலாந்தில் எங்கள் ஊரில் இருக்கிற அடிதடி, சம்பளம் உள்ள வேலைக்குக் கிடையாது. பெல்காட் தோட்டத்தில் புதன்கிழமை தோறும் களை பிடுங்க ஓர் இடம் காலியாக வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும். முந்நூறு வருஷத்துத் தோட்டம் அல்லவா! அதில் மண்டியிட்டுப் புல் பிடுங்கும் பாக்கியத்துக்காக ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நான்கு வருஷம் காத்திருந்தார். நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். பதினோரு வருஷமாக இங்கே தன்னார்வலர்களின் செயலாளர். பிஸ்கட் டப்பா முதலில் என்னிடம் வரும் என்பதுதான் அந்தப் பதவியின் முழு அதிகாரம்.

கூட்ரூன் ஜெர்மனிக்காரர். காஸல் நகரத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கணவர் இறந்த மறு வருஷம் வெளிநாட்டுத் தன்னார்வலராக ஒரே ஒரு கோடைக்கு என்று வந்தார். அதற்குப் பிறகு ஒன்பது கோடைகள் ஆகிவிட்டன. ஏப்ரலில் வருவார், ஆகஸ்ட் கடைசியில் போவார். குதிரை லாயத்துக்கு மேலே ஓர் அறை கொடுத்திருந்தோம். கட்டிலும் அடுப்பும் இருந்தன; மழை பெய்தால் தண்ணீரும் இருக்கும். மனுஷிக்கு அது அரண்மனை.

"மத்த ஏழு மாசமும் நான் ஏப்ரலுக்காகத்தான் உயிரோட இருக்கேன், மிஸ்டர் பெவரல்" என்று ஒருமுறை சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு விளையாட்டாகப் பேசத் தெரியாது.

அவருடைய பொறுப்பில் இருந்தது ஹோனோரியா பாத்தி. ஹோனோரியா என்பது பழைய கார்னேஷன் வகை. வெள்ளைப் பூ, ஓரத்தில் கருஞ்சிவப்பு, கிராம்பு வாசனை. உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று பலகை வைத்திருந்தோம். அப்படிப் பலகை வைத்தால் என்ன ஆகும்? கடையில் மீதிச் சில்லறை ஒரு காசு கூடுதலாக வந்துவிட்டால் எங்கள் ஜனங்கள் மழையில் நடந்து போய்த் திருப்பிக் கொடுப்பார்கள். அடுத்தவர் தோட்டத்தில் கிளை கிள்ளுவது மட்டும் திருட்டில் சேராது.

கூட்ரூனின் கணக்கில் சேரும். பார்வையாளர்களின் குடையை விரித்துப் பார்ப்பார், கைப்பையைத் திறக்கச் சொல்வார்.

"ஐயோ, தானா ஒட்டிக்கிச்சு போலிருக்கு" என்றார் ஒரு சீமாட்டி.

"ஈரத்துணியச் சுத்திக்கிட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள போய், மூடியும் போட்டுக்கிச்சா?"

தலைமைத் தோட்டக்காரர் கோலின் தன் தலையில் அடித்துக்கொள்வார். "அம்மணி, டிக்கெட் வாங்குனவங்கள இப்படிச் சோதனை போட்டா, அடுத்த வருஷம் நீங்களும் நானும்தான் தோட்டத்தச் சுத்திப் பாக்கணும்."

போன வருஷக் குளிர்காலத்தில் மூன்று மாதம் மழை விடவில்லை. பாத்தியில் தண்ணீர் நின்றது. ஏப்ரல் முதல் புதன்கிழமை, தேநீர் மேசையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது கோலின் தன் தொப்பியைக் கழற்றினார்.

"ஹோனோரியா போயிட்டா. வேர்கூட மிஞ்சல. இனிமே உலகத்துலயே இல்ல."

பன்னிரண்டு பேரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தோம். அன்று காலையில்தான் என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஹோனோரியாவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருந்தேன். தோட்ட அறக்கட்டளைத் தலைவி திருமதி ஸ்ட்ரோடின் வீட்டு வாசற்படியில் இரண்டு பக்கமும் ஹோனோரியா நிற்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தேநீர் அவ்வளவு சுவாரசியமாகிவிடாது. நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.

"என்கிட்ட இருக்கு" என்றார் கூட்ரூன்.

எல்லாக் கோப்பைகளும் மேசைக்கு இறங்கின.

"காஸல்ல, எங்க வீட்டு பால்கனில, பதினாலு தொட்டி. மூணாவது வருஷம் ஊருக்குப் போறப்போ நாலு கிளை கிள்ளிக்கிட்டுப் போனேன். யாரையும் கேக்கல. தப்புதான்."

"நீங்களா?" என்றார் கோலின். "ஊர்ல இருக்கிறவங்க பையெல்லாம் திறந்து பாத்த நீங்களா?"

"என் புத்தி எனக்குத் தெரிஞ்சதாலதான் மத்தவங்க பையப் பாத்தேன்."

மேசையே கூனிக் குறுகிப்போனது. திருடியதற்காக அல்ல, அதைச் சபையில் வாய்விட்டுச் சொன்னதற்காக. கோலின் ஒருவர்தான் மனிதராக நடந்துகொண்டார். "எப்ப கொண்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

கூட்ரூன் காஸலுக்குப் போய், மூன்று வாரத்தில் ஆறு தொட்டிகளோடு வந்து இறங்கினார். செடி வளர்ந்த மண் முதல் இலை வரை பரிசோதித்த சான்றிதழ், அதில் அரசாங்க முத்திரை. அன்றைய தேதியில் இங்கிலாந்திலேயே சட்டப்படி இருந்த ஹோனோரியா அந்த ஆறுதான்.

ஜூனில் பூத்தது. கூட்டம் வந்தது. "நலம்விரும்பி ஒருவரின் அன்பளிப்பு" என்று புதிய பலகை வந்தது. ஜூலையில் திருமதி ஸ்ட்ரோட் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"பூ கிடைச்சது சந்தோஷம்தான், மிஸ்டர் பெவரல். ஆனா நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குல்ல? திருடுனேன்னு வாயாலயே சொன்னவங்கள எப்படி வச்சுக்கறது? நீங்கதான் இதெல்லாம் பக்குவமா எழுதுவீங்க."

வாசற்படியில் இருந்த பூவின் வாசனை உள்ளே வரை வந்தது. நான் கூட்ரூனுக்குக் கடிதம் எழுதினேன். லாயத்து அறையைப் பழுதுபார்க்கப் போவதால் அடுத்த வருஷத்திலிருந்து வெளிநாட்டுத் தன்னார்வலர்களைத் தங்கவைக்க இயலாது. நன்றி என்ற சொல் மூன்று இடத்தில். முப்பது வருஷ அலுவலகப் பழக்கம் வீண்போகவில்லை. யாரும் விரல் வைக்க முடியாத கடிதம்.

ஆகஸ்ட் கடைசியில் அவரை ரயிலடிக்குக் காரில் கொண்டுபோய் விட்டதும் நான்தான்.

"உங்க சமையலறை ஜன்னல்ல இருக்கிறதுக்குத் தண்ணி அதிகமா ஊத்துறீங்க" என்றார் திடீரென்று. "அடி இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு."

வண்டியைச் சாலையில் நிறுத்தாமல் ஓட்டியதே பெரிய காரியம். "எப்ப பாத்தீங்க?"

"போன வருஷம் சாப்பிடக் கூப்பிட்டீங்களே, அன்னிக்கு. திரைக்குப் பின்னால வச்சிருந்தீங்க."

"அப்போ அன்னிக்கு மேசையில ஏன் சொல்லல?"

"என்னோடதத்தான் நான் சொல்ல முடியும். உங்களோடத நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ரயில் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டேன். கதவருகே நின்று கேட்டார்.

"அந்த ரூம நிஜமாவே ரிப்பேர் பண்றாங்களா?"

"ஆமா."

"முடிஞ்சதும் எழுதுங்க. ஏப்ரலுக்குள்ள முடிஞ்சிரும்ல?"

தலையாட்டினேன். வீடு திரும்பும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த புதன்கிழமையே என் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய், தேநீர் மேசை நடுவில் வைத்து, எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு நாற்பத்தொரு புதன்கிழமைகள் போய்விட்டன. தண்ணீரை மட்டும் குறைத்திருக்கிறேன். செடி நன்றாக இருக்கிறது.