கம்பளத்தில் நடந்த ஷூ

ரெக்கல் ஸ்டெர்னைக் குளிப்பாட்டத் தினமும் காலையில் போவேன். அவளுக்கு வயது எண்பத்தெட்டு. இடுப்பு உடைந்ததிலிருந்து படுக்கைதான். எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஆனால் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள். ஆளைப் புரட்டும் முறை தெரிந்தால் வயது பெரிய தடையில்லை. ரெக்கலுக்கு ஒரே மகன் ஃபைவல். ஐம்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகவில்லை. மதியம் புத்தகக் கடை வேலை, மற்ற நேரமெல்லாம் அம்மா.

அந்தக் குளிர்காலத்தில் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். கேட்ஸ்ஹெட்டிலிருந்து ஸிஸல் என்று ஒரு விதவை. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் எங்கள் மான்செஸ்டருக்கு வருவாள், ஹோட்டல் கூடத்தில் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். இதற்கு முன் வந்த வரனைப் பார்க்கப் போகவேண்டிய அன்று ஃபைவலுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கு முந்தையதற்குப் பஸ் கிடைக்கவில்லை. "இதுக்கும் நீ போகலைன்னா என் வாசல் பக்கம் வராதே" என்று தரகர் சொல்லிவிட்டார்.

போவதற்கு அவனுக்கு ஷூ இல்லை. இருந்தது முன்பக்கம் வாய் பிளந்து கிடந்தது. அலமாரியில் அப்பாவின் நல்ல தோல் ஷூ, அவன் அளவிலேயே இருந்தது. இறந்தவர் போட்டதை யூதர்களான நாங்கள் காலில் போடமாட்டோம். ஆகவே அது அலமாரியிலேயே இருந்தது.

கடைவீதியில் நன்கொடையாக வரும் பழைய சாமான்களை விற்கிறவள் மவ்ரீன். அவளிடம் ஒரு கறுப்பு ஜோடி வந்திருந்தது. ஷூவுக்குப் பேர்போன நார்த்தாம்ப்டன் தையல், கனமான தோல், மடிப்பு விழுந்த இடத்திலும் வெடிப்பு இல்லை. ஃபைவல் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். புரட்டிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"அடியைப் பாருங்க, மிஸஸ் ரோத். புதுசா சோல் மாத்தியிருக்கு. மாத்திட்டுப் போடவே இல்லை."

"நல்லதுதானே."

"இவ்வளவு செலவு பண்ணினவன் ஏன் கொடுக்கப்போறான்? செத்துப்போயிருப்பான்."

"கால் வீங்கியிருக்கும். இதயம் சரியில்லாதவங்க எத்தனை பேருக்கு நான் செஞ்சிருக்கேன், தெரியுமா? ஒருத்தருக்கும் பழைய ஷூ நுழையாது. செத்தவன் மட்டுமா ஷூவை விடறான்?"

அவன் மவ்ரீனிடம் கேட்டான். "பை பையா வந்து வாசல்ல வைக்கிறாங்க கண்ணு. உயிரோட இருக்கீங்களான்னு நான் யாரைப் போய்க் கேக்கறது?" என்றாள் அவள். பிறகு இரக்கப்பட்டு, "வீட்டுக்குள்ள போட்டுப் பாரு. தெருவுல மிதிக்காம கொண்டுவந்தா திருப்பி எடுத்துக்கறேன்" என்றாள். அந்தச் சலுகையை அவள் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் நான் போனபோது ஃபைவல் நடையில் விரித்த கம்பளத்தில் நடந்துகொண்டிருந்தான். சமையலறை வரை போவான், திரும்புவான், வாசற்கதவு வரை வருவான், திரும்புவான். கம்பளம் முடிகிற இடத்தில் கல் தரை. அதில் கால் வைக்கவில்லை.

"கடிக்குதா?"

"இல்லை. அளவா இருக்கு."

"அப்புறம் என்ன?"

"ரபியைக் கேக்கணும்."

கேட்டுவிட்டு வந்தான். யாருடையது என்று தெரியுமா என்று எங்கள் மதகுருவான ரபி கேட்டாராம். தெரியாது என்றானாம். "அப்ப தெரிஞ்சுக்காதே. போட்டுக்கிட்டுக் கிளம்பு" என்றாராம். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. மருத்துவர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் சில நோயாளிகள் இப்படித்தான் வந்து உட்காருவார்கள்.

"மாமே ஒத்துக்கமாட்டாங்க" என்றான். அம்மாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

நான் ரெக்கலுக்கு முதுகு துடைக்கும்போது அவனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கதவுக்கு வெளியே நின்று கேட்டான்.

"ரபி சொல்லிட்டாருல்ல, போடா" என்றாள் அவள். "நான் எங்கேயும் ஓடிடமாட்டேன். ஓடறதுக்கு இடுப்பும் இல்லை."

வெளியே நின்றபடியே, "இடது குதிகால் கொஞ்சம் லூசா இருக்கு, மாமே" என்றான். நான் ஈரக்கையோடு போய் ஒரு கம்பளித் துண்டை வெட்டி உள்ளே வைத்துக் கொடுத்தேன். சரியாகிவிட்டது. அதற்கும் அவன் நன்றி சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. அவன் இல்லாத நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் வந்துவிட்டேன். ஃபைவல் கோட்டும் தொப்பியும் போட்டு, ஷூவுக்கு மெருகேற்றி, தாடியைச் சீவி, நன்றாகவே இருந்தான். டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது. கதவைத் திறந்தேன். அவன் கம்பளத்தின் ஓரத்தில் நின்றான். ஷூவின் முனை கல்லுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"மிதிச்சுட்டா திருப்பிக் கொடுக்க முடியாது" என்றான்.

"எதுக்குத் திருப்பிக் கொடுக்கணும்?"

அவன் முதுகில் கை வைத்தேன். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக்கூட எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். அவர்கள் எழ நினைப்பார்கள், அதனால் முடிந்தது. இவன் முதுகு சுவர் மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டேன். ஹாரன் இன்னொரு முறை அடித்தது. அப்புறம் டாக்ஸி போய்விட்டது. ஃபைவல் குனிந்து லேஸை அவிழ்த்தான்.

நான் உள்ளே போனேன். ரெக்கல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"வண்டி போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அவன்?"

"இங்கதான்."

"சரி, சூப்பை ரெண்டு கிண்ணத்துல ஊத்து" என்றாள்.

திங்கட்கிழமை அவன் ஷூவைப் பெட்டியில் வைத்து மவ்ரீனிடம் கொண்டுபோனான். வழியில்தான் என்பதால் நானும் கூடப் போனேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு அடியையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு கீறல்கூட இல்லை கண்ணு. உன்னை மாதிரி ஜாக்கிரதையான ஆளை நான் பார்த்ததில்லை" என்றாள்.