லாகின் கேட்காத லிங்க்

பள்ளி வேன் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பெற்றோர் போனில் பார்க்கிற செயலி எங்களுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடி அறை, நாலு மேசை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொருவரையும் ‘நீ யார்’ என்று கேட்டு, உள்ளே உரிய பக்கத்துக்கு அனுப்ப ஒரு மென்பொருள் வைத்திருந்தோம். நாங்கள் எழுதியதல்ல, ஊரில் பலரும் வைத்திருப்பதுதான். வாசலில் அது கேட்டுவிடுகிறது என்ற தைரியத்தில் உள்ளே நாங்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

அந்த மென்பொருளில் ஓட்டை இருப்பதாக ஒரு காலையில் அறிவிப்பு வந்தது. இணைய முகவரியில் சாய்கோடு, அதாவது ஸ்லாஷ், ஒன்று கூடுதலாக விழுந்தால் போதும், லாகின் கேட்காமலே உள்ளே விட்டுவிடுமாம்; புது வெர்ஷனில் அடைத்துவிட்டார்களாம். ரயிலில் தொங்கியபடி படித்தேன். தொங்கியபடியே எங்கள் தளத்தில் போட்டும் பார்த்தேன். டிரைவர்களின் பக்கம் அப்படியே திறந்தது. பிள்ளைகளின் பெயர், ஏறும் இடம், அம்மாவின் நம்பர், மேப்பில் வேன் நிற்கும் இடம். உடனே பக்கத்தை மூடினேன். கொஞ்சம் குஷியாகவும் இருந்தது. இதையெல்லாம் படித்திருக்கிறேனே தவிர நேரில் பார்த்ததில்லை.

மேனாம்பேட்டில் ஃபிளாட் வாங்கியிருக்கும் எங்கள் டீம் லீடரிடம் போனதும் சொன்னேன். எதற்கும் பதறாதவர்.

“வார நாள்ல கை வைக்காதம்மா. சனிக்கிழமை பாப்போம்.”

“அதுவரைக்கும் எந்தப் புள்ள எங்க நிக்குதுன்னு யார் வேணாலும் பாக்கலாமே சார்.”

அவர் டீயைக் கீழே வைத்தார். “சரி, புது வெர்ஷனப் போடு. ஆனா ஸ்கூல் விடுறதுக்குள்ள டிரைவருங்க உள்ள வரலைன்னா பழசுக்கே திருப்பிருவேன்.”

போட்டேன். சாய்கோட்டை வைத்துத் தட்டிப் பார்த்தேன், லாகின் கேட்டது. பெருமைப்பட நேரமில்லை, போன் அடித்தது. முத்தாபுதுப்பேட்டையில் ஆறு பள்ளி வேன் வைத்திருக்கும் அக்கா.

“இன்னா பொண்ணு பண்ணி வெச்சிகீற? ஒரு டிரைவராலயும் உள்ள போவ முடில.”

“லாகின் பண்ணச் சொல்லுங்கக்கா.”

“இன்னா லாகின்? எங்க லிங்க்ல அதெல்லாம் கேக்காது.”

லிங்கை அனுப்பச் சொன்னேன். வந்தது, கூடுதல் சாய்கோட்டுடன். எப்போதோ ஒரு டிரைவர் தப்பாக அடித்திருக்கிறார், அது கேள்வி கேட்காமல் திறந்திருக்கிறது, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். நான் காலையில் கண்டுபிடித்த ஓட்டை வழியாக ஆறு வேனும் மாதக்கணக்கில் போய்வந்துகொண்டிருந்தன.

லீடரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போனேன். அக்கா வீட்டுப் பக்கத்துக் காலிமனையில் வேன்கள் நின்றன. ஒழுங்காக லாகின் செய்யச் சொன்னேன். எல்லோரும் ஓடிபி கேட்டு அழுத்தினார்கள். அத்தனையும் அக்காவின் போனில் போய் விழுந்தது.

“நாலு, ஏழு, ஒண்ணு, மூணு. இது யார்துடா?”

“என்துக்கா.”

“யக்கா, அது என்து.”

அவர்கள் முடிவு செய்வதற்குள் அடுத்தது வந்தது.

அப்போதுதான் புரிந்தது. செயலியில் சேரும்போது போன் நம்பர் கேட்டிருக்கிறோம். வேனுக்குத்தானே என்று, வண்டியின் முதுகில் பெயின்டால் எழுதியிருந்த நம்பரை எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். அது அக்காவின் நம்பர். அக்கா எந்நேரமும் பெற்றோருடன் பேச்சில் இருப்பார், வந்த ஓடிபியை எடுத்துச் சொல்ல ஆளிருக்காது. கேள்வி கேட்காத லிங்க் அவர்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்று இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேன் படியில் லேப்டாப்பை வைத்து ஒவ்வொருவர் சொந்த நம்பரையும் ஏற்றினேன். ஒருவருக்குத் தன் நம்பரே தெரியவில்லை. எனக்கு மிஸ்டு கால் கொடுக்கவைத்தேன். கடைசி டிரைவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டுத்தான் ஓடிபி அடித்தார்.

லீடர் அழைத்தார். “திருப்பிரவா?”

“வேணாம் சார். எல்லாரும் உள்ள வந்துட்டாங்க.”

அந்தக் கடைசி டிரைவரின் போனும் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“மாமே, இன்னிக்கி உன் வண்டி மேப்புல காணோமே. இன்னாமோ லாகின் கேக்குது.”

அக்கா ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். “யார்ரா அவன்?”

“பூந்தமல்லி மச்சான்க்கா. நம்ம லிங்க்க அனுப்பி வெச்சேன், டீக்கு எங்க நிக்கிறேன்னு பாத்துக்குவான்.”

“உன் மச்சானுக்கு நம்ம புள்ளைங்க லிஸ்ட்டு இன்னாத்துக்குடா? வேற யார் யாருக்கு அனுப்பிகீற?”

“ஸ்கூல் உட்ருவாங்கக்கா” என்று அவர் கியரைப் போட்டார்.

அக்கா கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். “வண்டிய எடு. போவ சொல்லோ ஒவ்வொருத்தனா சொல்லிகினே வா.”