ஈர் வைக்காத பூச்சி

செல்லிப்பட்டில் பவுனம்மாளுக்குத் தெரியாத தலை கிடையாது. எந்தத் தலையில் இரட்டைச் சுழி, எந்தக் கொண்டைக்குள் சவுரி, எவள் புருஷனுக்குத் தெரியாமல் நரை பிடுங்குகிறாள் என்பதெல்லாம் அவள் விரல்களுக்கு மனப்பாடம். அவள் பேன் பார்ப்பவள். அதைத் தொழில் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். வந்து உட்கார்ந்தார்கள், பார்த்துவிட்டேன் என்பாள். போகிறவர்கள் ஒரு படி கேழ்வரகையோ நாலு முருங்கைக்காயையோ மறந்தாற்போல் வைத்துவிட்டுப் போவார்கள். அவளும் மறந்தாற்போல் எடுத்து உள்ளே வைப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து வாக்கில் நடந்தது இது. பிரெஞ்சு சர்க்கார் வாய்க்காலுக்கு ஆள் வைத்திருந்தது, வரிக்கு ஆள் வைத்திருந்தது, பேனுக்கு வைக்கவில்லை. அந்தக் குறையைப் பவுனம்மாள் தீர்த்துவைத்தாள் என்று சொல்லலாம். ஆனால் அவளுக்கு வேண்டியது கேழ்வரகும் அல்ல, முருங்கைக்காயும் அல்ல, ஊர்ச் சேதி. தலையைக் குனிந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தவள் பொய் சொல்வதில்லை என்பது அவள் கண்டுபிடிப்பு. கேட்பவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

வெளிச்சம் விழும்படி வாசற்படிக்கு உட்புறம் அவள் உட்காருவாள். தலை கொடுப்பவள் அவளுக்கு முன்னால். பக்கத்தில் ஒரு கிழிந்த கோணி, அதன்மேல் சிப்பாய். நெற்றியில் செந்நிறத் தொப்பி கவிழ்த்தாற்போல் மயிர் கொண்ட கடுவன் பூனை அது. பெயருக்குத்தான் சிப்பாய்; எலி வந்தால் முதலில் அதற்கு வழிவிட்டு, பிறகு யோசித்துத் துரத்தும். பிள்ளையில்லாத வீட்டில் அதற்கு அந்தச் சலுகை உண்டு.

அந்த ஆவணியில் தொல்லை ஆரம்பித்தது. அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் அடுத்த வீட்டு வேலம்மாள். ஊரார் நாளைக்குச் சொல்லப்போவதை இன்றைக்கே சொல்லிவிடுகிற பெண்மணி.

"பவுனு, உன் வூட்ல வந்து குந்தினா தலை சுத்தமாவுது. கால் நாசமாவுது."

"கொசுவா இருக்கும்க்கா."

"கொசு எங்கனாச்சும் குதிக்குமா? தெள்ளுப்பூச்சிடி. உன் பூனை மேல இருந்து வருது. தலையில கெடந்ததை எடுத்துட்டு காலுக்கு வேற குடுத்து அனுப்புற. ஒண்ணு பூனையை வெச்சிக்க, இல்ல எங்களை வெச்சிக்க."

மறுநாளிலிருந்து ஒருத்தியும் வரவில்லை. இரண்டு நாள் பவுனம்மாள் வாசற்படிக்குள் தனியாக உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். தெருக்கோடி வீட்டு ஆதிலட்சுமியைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது பாதியில் நின்றுபோயிருந்தது. மீதியைச் சொல்ல ஆள் இல்லை.

ஆனால் அவள் கலங்கவில்லை. தலையில் இருக்கிற பூச்சியை எடுத்தவளுக்கு முதுகில் இருக்கிற பூச்சி எம்மாத்திரம்? சிப்பாயை மடியில் மல்லாத்திப் போட்டுப் பேன்சீப்பை எடுத்தாள். பேன் பண்பான பிராணி. பிடிபட்டால் நடந்துதான் ஓடும். தெள்ளு அப்படியில்லை. சீப்பின் பல்லில் இருக்கும்; நகத்தைக் கொண்டுபோவதற்குள் இருக்காது. ஒரு காலை முழுக்க உட்கார்ந்து நாலு பிடித்தாள். அவள் கைக்கு அது அவமானம்.

தலைக்குச் செய்கிற வைத்தியமே செய்வோம் என்று வேப்பெண்ணெயை எடுத்துப் பூனைக்குத் தலை முதல் வால் வரை தடவினாள். மனுஷத் தலைக்கும் பூனைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. தன் தலையைத் தானே நக்குகிற பெண் செல்லிப்பட்டில் இல்லை. சிப்பாய் நக்கிற்று. வாயில் நுரை தள்ளிற்று. இரண்டு நாள் பாலைத் தொடாமல் மூலையில் கிடந்தது. பவுனம்மாளும் சோறு சரியாகத் தின்னவில்லை. நாக்கு எட்டுகிற இடத்தில் இனிமேல் மருந்து இல்லை என்று சாமி படத்தின் முன் சொல்லிவைத்தாள்.

அந்த இரண்டு நாளும் அவளை வேறொன்று அரித்தது. சிப்பாயின் காது மடலிலிருந்து வால் நுனிவரை மயிரைப் பிரித்துப் பார்த்தாள். ஈர் இல்லை. ஒன்றுகூட இல்லை. பேன் இருந்தால் மயிரில் ஒட்டிக்கொண்டு ஈர் இருக்கவேண்டும். அவள் அறிந்த உலகம் அப்படித்தான் நடந்தது.

"முட்டை வெக்காம எப்பிடிய்யா இது பெருவுது?" என்று புருஷனைக் கேட்டாள்.

குழந்தைவேல் வண்டிக்காரன். வெல்லம் ஏற்றிக்கொண்டு திருக்கனூர் சந்தைக்குப் போய்வருபவன். மாடுகளோடு பேசிப் பேசி மனுஷரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டவன். "பூனையக் கேளு" என்றான்.

மறுநாள் அவனே ஒரு வழியும் சொன்னான். திருக்கனூரில் அவன் தங்கை அமிர்தம் இருந்தாள். மாட்டுக் கொட்டகை உண்டு. கொஞ்ச நாள் பூனை அங்கே இருக்கட்டும், தெள்ளும் அதோடு போய்விடும். பவுனம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிப்பாயைக் கூடையில் வைத்து மூடிக் கொடுத்தாள்.

தெள்ளு போகவில்லை. பூனை போன எட்டாம் நாள் வீட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. அதுவரை குழந்தைவேலை ஒரு தெள்ளும் சீண்டியதில்லை. இப்போது முழங்கால்வரை தடிப்பு. மாட்டை அவிழ்த்துவிட்டுக் காலைச் சொறிந்துகொண்டே அவன் வந்து நின்றபோது, பெண்டாட்டி முகத்தில் பல நாளாகக் காணாத சந்தோஷம் இருந்தது.

"உன்னையும் கடிச்சுதா?"

"பார்த்தா தெரியல?"

"எத்தினி எடம்?"

"இன்னாடி இது, சிரிக்கிற?"

"பூனை இல்லாம எட்டு நாளாச்சி. இதுங்க இன்னும் இருக்குது. அப்போ பூனை இதுங்களுக்கு வூடு இல்லய்யா. சோத்துக் கடை. கடையை மூடிட்டோம், அதான் நம்மகிட்ட வருது."

"அப்போ வூடு எது?"

பவுனம்மாள் தரையைத் தட்டிக் காட்டினாள்.

பூனை படுத்த கோணியை வெயிலுக்கு எடுத்துப் போனாள். குழந்தைவேலின் கறுப்புக் கம்பளியை விரித்து, அவன் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கோணியை அதன்மேல் உதறினாள். உட்கார்ந்து பார்த்தாள். ரவையைச் சலித்து எடுத்தாற்போல் வெள்ளைப் பொடி, ஊதினால் உருண்டது. நூல் துண்டு போன்ற புழுக்கள் வெயிலுக்குப் பயந்து மடிப்புக்குள் நுழைந்தன. கறுப்பாகச் சில துகள் இருந்தன. விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தாள். விரல் சிவந்தது.

"ரத்தம்" என்றாள். "பூனை ரத்தத்தைக் குடிச்சிட்டு அது மேலயே கழியுது. முட்டையும் அங்கதான் போடுது. ஆனா ஒட்டல. உருண்டு வுழுந்துடுது."

முப்பது வருஷம் ஈரைப் பார்த்த கண்ணுக்கு, ஒட்டாத முட்டை ஏதோ ஒழுக்கக்கேடு மாதிரித் தெரிந்தது. பேன், பிள்ளையை மயிரிலேயே கட்டிவைத்து வளர்க்கிறது. இது போகிற வழியில் போட்டுவிட்டுப் போகிறதே!

அன்றைக்கே கோணியை எரித்தாள். பாய்களைக் களத்தில் காயப்போட்டாள். மூலைமுடுக்கெல்லாம் மண்ணைச் சுரண்டி அள்ளி, வெடிப்புகளில் கொதிநீர் ஊற்றி, புது மண்ணும் சாணியும் போட்டு மெழுகினாள். மூன்று நாள் வீடு நிம்மதியாக இருந்தது. நாலாம் நாள் மறுபடியும் குதித்தன.

"இன்னாவோ வூட்டைக் கண்டுபுடிச்சேன்னியே?" என்றான் புருஷன்.

"மூலையில மண்ணு ஒட்டின கூடு கொஞ்சம் பார்த்தேன். அதுல கெடந்தது பொரிஞ்சி வருது. எல்லாம் ஒரே நாள்ல பொரியாது." கொஞ்சம் யோசித்தாள். "பூனையைக் கொண்டாந்துடு."

குழந்தைவேல் அன்று வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினான். "பூனையால தெள்ளு வந்துச்சின்னு பூனையை ஓட்டினோம். இப்போ தெள்ளு போவணும்னு பூனையைக் கூட்டியாரணுமா?"

"ஆமா. பொரிஞ்சி வர்றது சோத்துக் கடையைத் தேடும். கடை நம்ம மடியில இருந்துச்சின்னா வர்றவனை வர்றவனையா புடிச்சிடலாம்."

அப்படியே செய்தாள். சிப்பாய் திரும்பி வந்த அன்று முதலில் கழுத்தைச் சுற்றிச் சவுக்கார நுரையைப் பூசினாள். இல்லாவிட்டால் உடம்பை நனைத்ததும் எல்லாம் முகத்துக்கு ஏறிவிடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, நுரை மிச்சமில்லாமல் அலசினாள். கையில் ஏழு கீறல். அதன்பின் தினமும் காலையில் அதை வீடெல்லாம் உலாத்தவிட்டு, மடியில் போட்டுச் சீவினாள். நகத்தில் நசுக்குகிற பழக்கத்தைக் கைவிட்டாள். சீப்பை அப்படியே சவுக்காரத் தண்ணீரில் முக்கினால் தெள்ளு மூழ்கிவிடும். தண்ணீரில் அதற்குக் குதிக்கத் தெரியவில்லை. பூனைக்குப் போட்ட துணியை இரண்டு நாளைக்கொருமுறை கொதிநீரில் அலசினாள். முதல் நாள் எண்ணிக்கை தவறிப்போயிற்று. பத்தாம் நாள் ஒன்பது. மூன்றாவது வாரம் ஒன்றும் இரண்டுமாக நின்றது.

இதற்குள் ஆதிலட்சுமிக்குப் பரிசம் போட்டுவிட்டதாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன குழந்தைவேல் கேட்டுவந்து சொன்னான். மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. பவுனம்மாள் அன்று அவனோடு பேசவில்லை.

ஒரு முற்பகலில் வேலம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"போயிடுச்சாமே?"

"வந்து பாருக்கா."

"பார்த்தா தெரியாது. குந்தினாத்தான் தெரியும்."

வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் காலை நீட்டிக்கொண்டாள் வேலம்மாள். ஒரு வெற்றிலை மென்று முடிக்கும்வரை உட்காருவது. கறுப்பாக ஒன்று தெரிந்தாலும் எழுந்து போய்விடுவது. இது அவளே வைத்த நிபந்தனை. பவுனம்மாள் எதிரே உட்கார்ந்து வேட்டியையே பார்த்தாள். வெற்றிலை பாதி மென்றாயிற்று. முக்காலும் ஆயிற்று.

கணுக்காலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது. இருவரும் பார்த்தார்கள். பவுனம்மாள் எச்சில் தொட்ட விரலை மெல்ல இறக்கி அதை அமுக்கினாள்.

வேலம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். எழுந்திருக்கவில்லை. தலையை இரண்டு கையாலும் சொறிந்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

"ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணுன்னா பரவாயில்ல. எங்க வூட்ல..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"உங்க வூட்லயா? உங்க வூட்ல பூனை இல்லையே. நாய்தான இருக்குது. அது எதுமேல படுக்குது, சாக்கா? உதறிப் பார்த்தியா?"

"அதெல்லாம் அப்புறம்டி." வேலம்மாள் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள். "மொதல்ல இதைப் பாரு. ஒரு மாசத்துக்கு மேலாச்சி, தூக்கமில்ல."

சிப்பாய் எழுந்துவந்து பவுனம்மாளின் தொடையோரம் சுருண்டது. வேலம்மாள் அதைக் காணாததுபோல் தெருவைப் பார்த்தாள். பவுனம்மாள் வகிடெடுத்து, பக்கத்துக்கு மூன்றாக ஒட்டியிருந்த ஈரைக் கண்டு, ஊருக்குத் திரும்பி வந்தவள்போல் ஒரு மூச்சு விட்டாள்.

"சொல்லுக்கா, ஆதிலட்சுமிக்கு மாப்பிள்ளை எந்த ஊரு?"